ஆயிரம் ரூபாய் ரயில் பாதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "பதினைந்து நிமிஷம் பேசணும், மாணவர்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேச எனக்கு இன்னும் வயசாகவில்லை. நான் ஒரு சிவில் இன்ஜினியர். மண்ணும் ஜல்லியும் சிமெண்ட்டும்தான் எனக்குத் தெரியும். அதைவிட, அந்த ஜல்லிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பது இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் கொஞ்சம் தெரியும். அதைப் பற்றிப் பேசுகிறேன். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. நம் செஞ்சியே போதும்.

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் வந்து உட்கார்ந்தார். கோட்டை விழுந்தது 1698-ல். ஏழெட்டு வருஷம்! உலகத்திலேயே நீண்ட முற்றுகைகளில் ஒன்று என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் செஞ்சிக்கு ஒரு ரயில் வருவதற்கு நாம் போட்டிருக்கும் முற்றுகை அதைவிட நீளம். சுல்பிகார் கானாவது எட்டாவது வருஷம் உள்ளே போய்விட்டார்!

திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதிய அகல ரயில் பாதை, நீளம் சுமார் 70 கி.மீ. இது 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. அப்போது லாலு பிரசாத் ரயில்வே அமைச்சர். நம் பக்கத்து அரக்கோணம் தொகுதியின் ஆர்.வேலு இணை அமைச்சர். அதே பட்ஜெட்டில்தான் திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, ஆரணி வழியாக நகரி போகும் பாதையும் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். "இன்னும் நாலஞ்சு வருஷத்துல செஞ்சியில் ரயில் ஏறலாம்டா" என்று பேசிக்கொண்டோம். கிட்டத்தட்ட இருபது வருஷம் ஓடிப்போச்சு. இன்றைக்கும் செஞ்சிக்காரர் ரயில் ஏற வேண்டுமானால் திண்டிவனத்துக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

ஏன் வரவில்லை என்று டீக்கடையில் கேட்டால், "எல்லாம் அரசியல் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் சரி செய்ய முடியாது. இன்ஜினியர் என்றால் எந்த இடத்தில் விரிசல் என்று கை வைத்துக் காட்ட வேண்டும். நான் மூன்று இடத்தைக் காட்டுகிறேன்.

முதல் விரிசல்: அறிவிப்பு வேறு, பணம் வேறு.

ஒரு திட்டம் பட்ஜெட்டில் வந்துவிட்டது என்றால் பணம் வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் வீட்டில் கல்யாணம் நிச்சயம் செய்வது ஒன்று, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுவது ஒன்று அல்லவா? பட்ஜெட்டில் சேர்ப்பது நிச்சயதார்த்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்துச் செலவுக்கு நாடாளுமன்றம் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். மார்ச் 31-க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதி ஆகிவிடும். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று ரயில்வே ஒரு புத்தகம் போடுகிறது. பிங்க் புத்தகம் என்று பெயர். அதில் ஒவ்வொரு வேலைக்கும் மொத்த மதிப்பீடு எவ்வளவு, இதுவரை செலவு எவ்வளவு, இந்த வருஷ ஒதுக்கீடு எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். தொகையெல்லாம் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் போட்டிருப்பார்கள். அதாவது அந்தக் கட்டத்தில் 1 என்று இருந்தால் ஆயிரம் ரூபாய் என்று பொருள்.

2020-ஐ ஒட்டிய பட்ஜெட்டுகளில் நம் பாதைக்கு நேரே இருந்த எண் அந்த 1தான். ஆயிரம் ரூபாய்! பத்திரிகைகளில் வந்தது, பலர் அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். அச்சுப்பிழை இல்லை. ஈரோடு – பழனி, அத்திப்பட்டு – புத்தூர், மாமல்லபுரம் வழியாகச் சென்னை – கடலூர் என்று நம் மாநிலத்தின் பல புதிய பாதைகளுக்கும் அதே கதைதான். 70 கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாய் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 28 காசு. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டீ குடிக்கலாம், வடை கிடையாது.

சிரிக்கிறீர்கள். அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரு காரணம் இருக்கிறது. பூஜ்யம் போட்டால் திட்டம் செத்துவிட்டது என்று ஊர் கேட்கும். கோடிக்கணக்கில் போட்டால் வேலை நடக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் போட்டால் உயிரும் இருக்கும், அசைவும் இருக்காது. "திட்டம் கைவிடப்படவில்லை" என்று எந்த மேடையிலும் சொல்லலாம். பிற்பாடு வந்த பட்ஜெட்டுகளில் கோடிக் கணக்கில் ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

இரண்டாவது விரிசல்: ஒரு குடம் தண்ணீரை நூறு செடிக்கு ஊற்றுவது.

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பத்து ரயில் பாதைகள். ஒவ்வொன்றுக்கும் 500 கோடி வேண்டும். வருஷத்துக்கு 500 கோடிதான் கையில் இருக்கிறது. யாரும் கோபப்படக் கூடாது என்று எல்லாருக்கும் ஐம்பது ஐம்பது கோடி பிரித்துக் கொடுத்தால், பத்தாவது வருஷக் கடைசியில்தான் பத்தும் முடியும். அதுவரை ஒரு ஊரிலும் ரயில் ஓடாது. அப்படி இல்லாமல் முதல் வருஷம் ஒரு பாதையை முடித்து, அடுத்த வருஷம் அடுத்ததை எடுத்தால்? வருஷத்துக்கு ஒரு ஊரில் ரயில் ஓடும். கடைசி ஊருக்கும் அதே பத்தாவது வருஷம்தான். அதாவது ஒருவருக்கும் நஷ்டம் இல்லை, ஒன்பது ஊருக்கு லாபம்.

நிஜத்தில் பிரித்துக் கொடுத்தால் பத்து வருஷத்திலும் முடியாது. விலைவாசி வருஷம் 7 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். நிலத்தின் கதை இன்னும் மோசம். 2014 ஜனவரி முதல் புதிய நில எடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளருக்கு நியாயமான விலை, அதற்குச் சமமான ஆறுதல் தொகை என்று சட்டம் சொல்கிறது. அது நியாயம்தான், விவசாயிக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் 2006-ல் போட்ட எஸ்டிமேட்டில் அந்தப் பணம் இல்லையே! இழுக்க இழுக்க, எஸ்டிமேட் நமக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், நாம் பின்னால் ஓடிக்கொண்டே இருப்போம்.

இது என் கற்பனைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். 2014 ஜூலையில் ரயில்வே பட்ஜெட் வைத்த அமைச்சர் சதானந்த கவுடா நாடாளுமன்றத்திலேயே ஒளிக்காமல் சொன்னார். அதற்கு முந்தைய 30 வருஷத்தில் 676 திட்டங்கள் அனுமதிக்கப்பட்டன. மதிப்பு 1,57,883 கோடி. முடிந்தவை 317. மீதி 359-ஐ முடிக்க 1,82,000 கோடி வேண்டும். கவனித்தீர்களா? மொத்தத்துக்கும் போட்ட பணத்தைவிட, மிச்சம் இருப்பதை முடிக்க வேண்டிய பணம் அதிகம். இன்னொன்றும் சொன்னார். கடைசிப் பத்து வருஷத்தில் அனுமதித்த புதிய பாதைகள் 99, முடிந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பத்து வருஷத்தில்தான் தம்பிகளே, நம் செஞ்சிப் பாதையும் இருக்கிறது.

ஏன் ஒன்றொன்றாக முடிப்பதில்லை? அதற்குப் பதில் கஷ்டமில்லை. வரிசையில் ஒன்பதாவது இடத்தில் உட்கார எந்த ஊரும் சம்மதிக்காது. நம் ஊரே சம்மதிக்காது. "எங்களுக்கு என்ன அறிவிச்சாங்க?" என்றுதான் நாமும் கேட்கிறோம். கேட்கிறவன் எதைக் கேட்கிறானோ அதைத்தானே கொடுப்பார்கள்? அறிவிப்பைக் கேட்டோம், அறிவிப்பைக் கொடுத்தார்கள்.

மூன்றாவது விரிசல்: பணத்துக்கு நடுவில் ஒரு கேட் இல்லை.

ஒரு புதிய ரயில் பாதை போட்டு முடித்தாலும் பயணிகளை ஏற்றிவிட முடியாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். வேலை செய்தவரே தன் வேலைக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பாம்பன் புதிய பாலத்தை 2024 நவம்பரில் ஆணையர் சோதித்து, பல குறைகளை எழுதினார். அதன் பிறகு 2025 ஏப்ரல் 6-ம் தேதிதான் பாலம் திறந்தது. அவருடைய கேட் திறந்தால்தான் ரயில் போகும்.

பணத்துக்கு அந்த மாதிரி கேட் இருக்கிறதா? மேற்பார்வை செய்ய ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 1993-லிருந்து இருக்கிறது, மானியக் கோரிக்கைகளைப் பார்க்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் இருக்கிறார். அவர் அறிக்கையைப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. நல்ல வேலையும் செய்கிறார்கள். 2015-ல் வந்த தணிக்கை அறிக்கை நடந்துகொண்டிருந்த 442 ரயில்வே திட்டங்களை எடுத்துப் பார்த்தது. அதில் முடிக்க வேண்டிய தேதி குறிக்கப்பட்டவை 156 மட்டும். பாக்கித் திட்டங்களுக்குத் தேதியே கிடையாது! தேதி இல்லாவிட்டால் தாமதம் என்று யாரைக் கேட்பது? பரீட்சைத் தேதி சொல்லாத கல்லூரியில் யாருமே ஃபெயில் ஆக மாட்டார்கள் அல்லவா?

ஆனால் தணிக்கை என்பது பணம் போன பிறகு வருகிற போஸ்ட்மார்ட்டம். உயிரோடு இருக்கும்போது நாடி பிடித்துப் பார்க்கிறவர் வேண்டும். அதிலும் நம் பாதையில் ஒரு சிக்கல். நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில அரசு, அதற்குப் பணம் தருவது ரயில்வே. சமீப வருஷங்களில் ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த பதிலைப் பார்த்தால், இந்தப் பாதைக்கு 273 ஹெக்டேர் நிலம் தேவை, கையில் வந்தது 33 ஹெக்டேர். ரயில்வேயைக் கேட்டால் "நிலம் வரவில்லை" என்பார்கள். மாநிலத்தைக் கேட்டால் "பணம் வரவில்லை" என்பார்கள். ரெண்டு பேர் சொல்வதும் அவரவர் ஃபைலில் சரியாகவே இருக்கும். ரெண்டு ஃபைலையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பவர்தான் இல்லை. மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டு கதையும் நியாயமாகத்தானே இருக்கும்!

நடுவில் அகப்பட்டவர் யார் தெரியுமா? என் வேலை விஷயமாக ஒரு ஊருக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தத் திட்டம் என்பது வேண்டாம். வயலில் சர்வே கல் நட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த நிலத்துக்காரப் பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்கச் சொல்லுங்க. இல்லன்னா கல்லைப் பிடுங்கச் சொல்லுங்க. பொண்ணு கல்யாணத்துக்கு விக்கலாம்னா வாங்க ஆள் வரமாட்டேங்குறான். கெணறு வெட்டலாம்னா பயமா இருக்கு" என்றார். நான் என்ன பதில் சொல்வது? பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரி ஆயிரம் ரூபாயில் தூங்கினால், அந்த வரிக்கு அடியில் இப்படி எத்தனையோ பேருடைய வாழ்க்கையும் தூங்குகிறது.

அதனால்தான் கசப்பான ஒன்றையும் இந்த மேடையில் சொல்கிறேன். செஞ்சிக்கு ரயில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். 2025 ஜூலையில் நம் கோட்டை மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அமாவாசைக்கு மேல்மலையனூர் என்று ஜனம் போகிற பாதை இது. நம் ஊர் நெல்லும் அரிசியும் வெளியூர் போகிற பாதை. இவ்வளவும் சொல்லி வாதாடுவேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்து, "கட்டுப்படியாகாது, அதற்குப் பதில் சாலையையும் பஸ்ஸையும் நன்றாகச் செய்து தருகிறோம்" என்று ஒரு அரசாங்கம் நேர்மையாகச் சொன்னால், அதையும் ஒரு முடிவு என்று மதிப்பேன். சண்டை போடலாம், மாற்று யோசிக்கலாம், அந்தப் பெரியவர் கிணறு வெட்டலாம். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஆயிரம் ரூபாய் போட்டு வைப்பதுதான் அநியாயம்.

பணமே இல்லையா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அது உண்மையான காரணம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2025-26-ல் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு மத்திய பட்ஜெட் கொடுத்தது 2.52 லட்சம் கோடி. தமிழ்நாட்டுக்கு அந்த வருஷம் அறிவித்தது 6,626 கோடி. 2009 முதல் 2014 வரை சராசரி 879 கோடிதான். ஆனால் இந்த மொத்தத் தொகையைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது, மறுத்துவிடவும் கூடாது. "அதில் செஞ்சி வரியில் எவ்வளவு, போன வருஷம் ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு" என்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் ரயில்வே பட்ஜெட்டுக்கு என்று தனியாக ஒரு நாள் இருந்தது. 1924-லிருந்து வந்த வழக்கம். நாடே ரேடியோவைச் சுற்றி உட்காரும். 2016 பிப்ரவரியோடு அது முடிந்து, 2017-18-லிருந்து பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் அமைச்சர் ஊர் ஊராகப் பேர் சொல்லிப் படித்ததை உட்கார்ந்து கேட்ட காலம் போய், நாமே புத்தகத்தைத் திறந்து தேட வேண்டிய காலம் வந்துவிட்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்? "அண்ணன் பிரச்சினையைச் சொன்னார், வழியைச் சொல்லல" என்று தம்பிகள் சொல்லக் கூடாது.

சைட்டில் எங்களிடம் ஒரு எம்-புக் உண்டு. அளவுப் புத்தகம். எத்தனை கன மீட்டர் மண் போட்டோம், எத்தனை டன் கம்பி கட்டினோம் என்று அளந்து அதில் ஏறினால்தான் பில் பாஸ் ஆகும். வாயால் சொன்ன வேலைக்குக் காசு கிடையாது. ஒரு ஊரும் தன் திட்டங்களுக்கு ஒரு எம்-புக் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் யோசனை.

நம் கல்லூரி நூலக வாசலில் ஒரு கரும்பலகை. செஞ்சி ரயில் பாதை என்று தலைப்பு. கீழே நாலே நாலு எண்கள். ஒன்று, இன்றைய தேதியில் மொத்த மதிப்பீடு. இரண்டு, இதுவரை செலவானது. மூன்று, இந்த வருஷம் ஒதுக்கியது. நான்கு, முடிக்க வேண்டிய தேதி. தேதி இல்லை என்றால் "தேதி இல்லை" என்றே எழுத வேண்டும். பக்கத்தில் போன வருஷத்து எண்களும் இருக்க வேண்டும், அழிக்கக் கூடாது. பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வருகிறது. பிங்க் புத்தகம் ரயில்வேயின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கிடைக்காததற்கு 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்கு மனுக் கட்டணம் பத்து ரூபாய். நம் பாதையின் ஒரு கிலோமீட்டருக்குப் போட்ட காசை விடக் குறைவு!

பொருளாதாரம் படிக்கிறவர்கள், வணிகவியல் படிக்கிறவர்கள், கணக்குப் படிக்கிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு நல்ல புராஜெக்ட். பலகையில் எழுதியதை ஒரு பக்கக் கடிதமாக்கி நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், தெற்கு ரயில்வேக்கும் சங்கத்தின் பெயரில் அனுப்புவோம். நாலு பேருக்கும் ஒரே கடிதம். ரெண்டு ஃபைலையும் ஒரே மேஜையில் வைக்கிற வேலையை நம்மால் அவ்வளவாவது செய்ய முடியும். தபால் செலவு, மனுக் கட்டணம், பலகைக்குப் பெயிண்ட் எல்லாவற்றையும் எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. இந்த மேடைக்கு வருவதற்கு முன்பே நண்பர்களிடம் பேசிவிட்டேன், பின்வாங்க வழியில்லை.

இதனால் நாளைக்கே ரயில் வந்துவிடுமா என்று கேட்டால், வராது. ஆனால் அடுத்த தேர்தலில் யாராவது மைக் முன்னால் நின்று "செஞ்சிக்கு ரயில் கொண்டு வருவேன்" என்று சொல்லும்போது, கூட்டத்தில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, போன வருஷம் ஒதுக்கினது இவ்வளவு, செலவானது இவ்வளவு, 240 ஹெக்டேர் நிலம் பாக்கி. நீங்க இதுல எதை, எந்தத் தேதிக்குள்ள செய்வீங்க?" என்று மரியாதையாகக் கேட்டால், அந்த மேடையின் பேச்சே மாறும். அந்தக் கேள்வியைக் கேட்கிற மாணவன் நம் கல்லூரி மாணவனாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பலகை மாட்ட ஆணி அடிக்க முதல்வர் அவர்களின் அனுமதியை இந்த மேடையிலேயே கேட்டு விடைபெறுகிறேன்.